முக்கால் இஞ்சு பைப்புக்குள் மைக்ரோவேவ்: புராஜெக்ட் எடுப்பவர்களுக்கு

சேலம் பக்கம் ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ், தகவல்தொடர்பு) படிக்கிற தம்பி தங்கைகள் கடைசி ஆண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு கேட்டால், நான் செய்ததையே சொல்கிறேன்: இரும்புக் குழாய்க்குள் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று மைக்ரோவேவ் கொண்டு அளப்பது. மேலிருந்து அனுப்பும் அலை தண்ணீரில் பட்டுத் திரும்பும், அந்த எதிரொலியை வைத்துத்தான் உயரம். ஆய்வகத்தில் உறை போட்டுக் கிடக்கும் எக்ஸ் பேண்ட் பெஞ்சும் (10 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய மைக்ரோவேவ் சோதனைக் கருவிகள்) ஒரு ஜிஐ பைப்பும் போதும். சுற்றிலும் சவ்வரிசி ஆலைகள், ஆலைக்கு ஆலை தொட்டிகள், "இதனால் யாருக்கு என்ன பயன்?" என்ற கேள்விக்குப் பதில் தேடி அலைய வேண்டியதில்லை.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் 10.525 கிகாஹெர்ட்ஸ் டாப்ளர் மாட்யூலை நம்பி இறங்காதீர்கள். அது அசைவைக் காட்டத்தான். அசையாமல் நிற்கிற தண்ணீரின் உயரத்தைச் சொல்லாது.

பைப் வாங்கும் முன் கணக்கு. உலோகக் குழாயே ஒரு வட்ட வேவ்கைடு, அதாவது அலையை உள்ளே அடக்கி நடத்திச் செல்லும் பாதை. அலை அதற்குள் பரவும் ஒவ்வொரு வடிவமும் ஒரு மோடு, ஒரு மோடு ஓடத் தேவையான குறைந்தபட்ச அதிர்வெண்தான் அதன் கட்-ஆஃப். 175.7 என்ற எண்ணை மில்லிமீட்டரில் உள்விட்டத்தால் வகுத்தால், முதல் மோடான டிஇ11இன் கட்-ஆஃப் கிகாஹெர்ட்ஸில் வரும். அடுத்த மோடான டிஎம்01க்கு 229.5. உள்விட்டம் 22 மி.மீ. என்றால் முறையே 8, 10.4 கிகாஹெர்ட்ஸ். இந்த இடைவெளிக்குள் வேலை செய்தால் ஒரே மோடுதான் ஓடும். ரெண்டு இஞ்சு பைப் எடுத்தால் பல மோடு ஒன்றாக ஓடி, ரீடிங் எதற்கும் அடங்காது.

கடைக்காரர் சொல்லும் 'முக்கால் இஞ்சு' வெறும் பெயரளவுதான். லைட் ரகத்தில் உள்விட்டம் 22 மி.மீ.யை ஒட்டி இருக்கும், ஹெவி ரகத்தில் 20.4 பக்கம். 9.5 கிகாஹெர்ட்ஸில் முதல் குழாயின் கைடு அலைநீளம் (குழாய்க்குள் அலையின் நீளம்) 58 மி.மீ., இரண்டாவதில் 75! ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம் இவ்வளவு செய்யும். வெர்னியரைக் கையோடு கொண்டுபோங்கள், கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

குழாய்க்குள் அலை நேராகப் போவதில்லை, சுவரில் மாறி மாறி மோதிப் போகிறது. ஏற்காடு பஸ் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் சக்கரத்தை உருட்டிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் மலை உச்சி மெதுவாகத்தான் நெருங்கும் இல்லையா, அப்படித்தான். இதே 22 மி.மீ. குழாய்க்குள் பல்ஸ் அனுப்பி, ஒளியின் வேகத்தை அப்படியே போட்டுத் தூரம் கணக்கிட்டால், 1 மீட்டர் ஏறக்குறைய 1.85 மீட்டராகத் தெரியும். தொழிற்சாலை ரேடார்களில் குழாய் விட்டத்தைக் கேட்டு வாங்குவது இதற்காகத்தான். வைவாவில் எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) இதைத் தொடாமல் விடமாட்டார்.

பெஞ்சில் செய்யும்போது இன்னொரு சிக்கல். போகும் அலையும் திரும்பும் அலையும் சேர்ந்து சிக்னல் மிகக் குறையும் இடம்தான் மினிமம், அது எங்கே இருக்கிறது என்று பெஞ்சில் உள்ள ஸ்லாட்டட் லைனில்தான் பார்ப்போம். அந்த ஸ்லாட்டட் லைன் செவ்வக வேவ்கைடு, அதே 9.5இல் அதன் கைடு அலைநீளம் 43.6 மி.மீ. தண்ணீர் 13.4 மி.மீ. ஏறினால் மினிமம் 10 மி.மீ. தான் நகரும். அந்த விகிதத்தை ரெக்கார்டில் முதலிலேயே எழுதி வையுங்கள். குழாயின் கைடு அலைநீளத்தில் பாதியான 29 மி.மீ.க்கு ஒருமுறை ரீடிங் திரும்ப வரும் என்பதால், தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எத்தனை சுற்று ஆனது என்று எண்ணிக்கொண்டே வர வேண்டும்.

நிஜ உயரத்தைப் பார்க்க, குழாயின் அடியில் துளை போட்டு ஒரு பிளாஸ்டிக் டியூபை வெளியே நிமிர்த்தி விடுங்கள். உள்ளே இருக்கும் மட்டம் வெளியே தெரியும். துளை எப்போதும் தண்ணீருக்கு அடியிலேயே இருக்கட்டும். செவ்வகத்திலிருந்து வட்டத்துக்கு மாற்றும் டிரான்சிஷன் உங்கள் ஆய்வகத்தில் உண்டா என்று முதல் வாரமே பாருங்கள். அது இல்லாவிட்டால் தலைப்பையே மாற்றிவிடலாம்.

அப்புறம், "தண்ணீருக்குப் பதில் டீசல் என்றால்?" என்று கேட்பார்கள். திறந்த வெளியில் டீசல் பரப்பு 3 சதவீத அளவுக்குத்தான் திறனைத் திருப்பி அனுப்பும். இந்தக் குழாய்க்குள் கணக்கிட்டால் 14 சதவீதத்தை ஒட்டி வரும். மீதி டீசலுக்குள் இறங்கி, அடித்தகட்டில் பட்டுத் திரும்பி, மேற்பரப்பின் எதிரொலியோடு கலந்துவிடும். அப்போது மினிமம் நகர்வதும் மட்டம் ஏறுவதும் நேர்விகிதத்தில் இருக்காது.