ஏழு பள்ளிகள் பிறருக்கு, நான்கு எங்களுக்கு: மகளின் மீத்திறன் கல்வித் திட்டத் தேர்வு அனுபவம்

தொடக்கநிலை 3இல் (மூன்றாம் வகுப்பில்) தேர்வு வைத்து, திறன் மிக்க பிள்ளைகளைத் தொடக்கநிலை 4 முதல் சில பள்ளிகளின் தனி வகுப்புகளில் சேர்த்துவந்த சிங்கப்பூரின் மீத்திறன் கல்வித் திட்டம் நியாயமானதா என்ற பேச்சு எழும்போதெல்லாம் அது துணைப்பாட (டியூஷன்) நிலையங்களில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் பயிற்சி பெற்றுத் தேர்வாகிறார்கள், மற்றவர்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள் என்பது வழக்கமான குறை. 2023ஆம் ஆண்டில் இந்நாட்டுக் குடும்பங்கள் துணைப்பாடத்துக்குச் செலவிட்ட தொகை ஏறத்தாழ 180 கோடி சிங்கப்பூர் வெள்ளி என்பதை நினைத்தால் அக்குறையைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதே ஆண்டில் தொடக்கநிலை 3 படித்த என் மகளுடன் இந்த வழியைக் கடந்து வந்தவன் என்ற முறையில், யாரும் பேசாத இன்னொரு வாசலைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. அது தேர்வுக்குப் பிறகு வருவது.

ஆகஸ்டில் ஆங்கிலமும் கணிதமும், அக்டோபரில் அவற்றோடு பொதுத்திறன் தாளும் எழுதினாள். எந்தத் துணைப்பாட நிலையத்துக்கும் போகாத அக்கம்பக்கப் பள்ளி மாணவியான அவள் தேர்வானாள். மாணவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்குக் கிடைக்கும் இடம் என்பதால் அன்று வீட்டில் ஒரே கொண்டாட்டம்.

மறுநாள் பள்ளித் தெரிவுக்கான தாள்களைக் கையில் எடுத்தபோதுதான் கணக்கு உறைத்தது. இத்திட்டம் ஒன்பது தொடக்கப்பள்ளிகளில் மட்டும் நடந்துவந்தது. அவற்றுள் இரண்டு ஆண்களுக்கானவை என்பதால், ஒரு பெண்பிள்ளைக்கு ஏழு பள்ளிகள். அந்த ஏழில் நன் ஹுவா, நன்யாங், தாவ் நான் ஆகிய மூன்றும் சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள்; அங்கே தாய்மொழிப் பாடமாகச் சீனம் மட்டுமே உண்டு. ஆகவே சீனம் படிக்கும் சிறுமிக்கு ஏழு, தமிழ் படிக்கும் என் மகளுக்கு நான்கு. ஆண்பிள்ளையாக இருந்திருந்தால், பெண்களுக்கான ஒரு பள்ளி மட்டும் கழியும்; ஆண்கள் பள்ளி இரண்டில் ஒன்றும் சிறப்பு உதவித் திட்டப் பள்ளி என்பதால், எட்டுக்கு நான்கு என்று வித்தியாசம் இன்னும் கூடியிருக்கும். மலாய்ப் பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான். சீனமொழிவழிப் பள்ளிகளின் மரபைக் காக்க 1979இல் வந்த சிறப்பு உதவித் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எல்லா இனப் பிள்ளைகளும் ஒரே தாளை எழுதித் தேர்வாகும் ஒரு திட்டத்தின் இடங்களை அப்பள்ளிகளில் வைத்தது ஏன் என்பதற்கு எனக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை.

எஞ்சிய நான்கிலும் தமிழ் எப்படி நடக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினோம். தமிழ் பள்ளி நேரத்திலேயே நடக்கிறதா, அல்லது மாலையில் வேறொரு பள்ளிக்குப் போய்ப் படிக்க வேண்டுமா என்ற ஒரே கேள்விக்கு, தொலைபேசியை எடுத்தவர்கள் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். ஓர் அலுவலகம் பள்ளியைக் கேட்கச் சொன்னது. பள்ளி அலுவலகத்தைக் கேட்கச் சொன்னது. ஒரு பள்ளியில் நேரில் வந்தால் விளக்குவதாகச் சொன்னதை நம்பி, அரைநாள் விடுப்பெடுத்து, தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எம்ஆர்டி ரயிலில் போனோம். முகப்பில் இருந்தவர், விவரம் அறிந்த ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருப்பதாகவும் மின்னஞ்சல் அனுப்பினால் போதும் என்றும் சொல்லிவிட்டு, பேச்சோடு பேச்சாக, இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை சீனமே படிக்கலாமே என்றார். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். மகள் என் முகத்தைப் பார்த்தாள்; நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்த எரிச்சல் இன்னும் தணியவில்லை.

அலுவலக முகப்பை விட்டுவிட்டு அந்தந்தப் பள்ளியின் தாய்மொழித் துறைத் தலைவருக்கு எழுதியதுதான் எங்களுக்குக் கைகொடுத்தது. கேள்விகளைப் பொதுவாகக் கேட்காமல், தமிழ் எந்த நாளில், எந்த மணிக்கு, எந்தக் கட்டடத்தில் நடக்கிறது, உயர்தமிழ் (கூடுதல் தரத் தமிழ்ப் பாடம்) உண்டா, மீத்திறன் வகுப்பின் நேர அட்டவணை தமிழ்ப் பாடத்தோடு மோதுமா என்று தனித்தனியாகக் கேட்டோம். ஒரு பள்ளியிலிருந்து அன்று மாலையே ஒரு தமிழாசிரியை தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றுக்கும் விடை சொன்னார். அதையே முதல் தெரிவாக எழுதினோம், இடமும் கிடைத்தது. பள்ளிப் பேருந்து எங்கள் பேட்டை வரை வருகிறதா என்பதையும் தெரிவுக்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. ஏழரை மணிக்குத் தொடங்கும் பள்ளிக்கு விடியுமுன் புறப்படும் பிள்ளையின் தூக்கமும் இந்த நியாயக் கணக்கில் சேர வேண்டியதுதான். அருகிலேயே மீத்திறன் பள்ளி அமைந்த வட்டாரங்களில் வீட்டு விலை என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மகள் தொடக்கநிலை 4இல் இருந்தபோது, 2024 ஆகஸ்டில், தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங் 1984 முதல் நடந்துவந்த இத்திட்டம் இப்போதைய வடிவில் தொடராது என்று அறிவித்தார். இனி ஒவ்வொரு தொடக்கப்பள்ளியும் தன் மாணவர்களுக்குத் தானே வாய்ப்பளிக்கும். கூடுதல் பாடம் வேண்டுவோர் பள்ளி முடிந்தபின் அருகிலுள்ள குறிப்பிட்ட பள்ளிகளுக்குப் போவார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் தமிழ் படிக்கும் பிள்ளைக்கு இது பெரிய நிம்மதி, பள்ளி மாற வேண்டியதில்லை. ஆனால் தமிழாசிரியர் இல்லாத பள்ளியில் படிக்கும் பிள்ளை தமிழுக்காகவும் அதே மாலையில்தான் வேறொரு பள்ளிக்குப் போகிறது. இரண்டும் ஒரே நாளில் விழுந்தால் எதை விடுவது?

2024இல் தொடக்கநிலை 1இல் சேர்ந்த என் மகன் புதிய முறைக்கு உட்படும் முதல் அணியைச் சேர்ந்தவன். இம்முறை தேர்வு முடிவுக்காகக் காத்திராமல், மாலை வகுப்புகளின் நாள்களைப் பற்றி அவனது பள்ளியின் தாய்மொழித் துறைத் தலைவருக்கு ஏற்கெனவே எழுதிவிட்டேன்.