கெடிலம் பாலத்தில் மூன்று கொக்கு

கடலூரில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்குத் திருப்பாப்புலியூரிலிருந்து மஞ்சக்குப்பம் போகும்போது தினமும் கெடிலம் ஆற்றைத் தாண்ட வேண்டும். காலை நெரிசலில் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே வண்டி நகராமல் நிற்கிற அந்த ஐந்து நிமிடம்தான் எனக்கும் ஆற்றுக்குமான பழக்கம். நாவுக்கரசர் பாடிய ஆறு என்று பெருமையடிக்கலாம், எட்டிப் பார்த்தால் ஆகாயத்தாமரையும் கேரி பேக்கும்தான் தெரியும்.

அங்கே மூன்று வகைக் கொக்கு இருப்பதாக நானும் மகளும் கணக்கு வைத்திருந்தோம். கரையோரம் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு சேற்று நிறத்தில் உட்கார்ந்திருப்பது ஒன்று. திடீரென்று எங்கிருந்தோ கிளம்பி வெள்ளையாகப் பறப்பது இன்னொன்று. மூன்றாவது, பள்ளிக்கூடம் திறந்த ஜூனில் கண்ணில் பட்டது: முதுகு நாவல்பழச் சாறு கொட்டின மாதிரி இருண்ட சிவப்பு, தலையில் நீளமாக இரண்டு மூன்று வெள்ளை இறகு. புதுசாக ஏதோ வெளிநாட்டுப் பறவை வந்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலத்துக்குக் கீழே இறங்கிப் பார்த்தோம். கடல் ஓதம் ஆற்றில் ஏறுகிற நேரம், வீச்சு வலையோடு ஒருவர் நின்றிருந்தார். மூன்று கொக்குக் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "எல்லாம் ஒண்ணுதான் சார், மடையான். உக்காந்தா மண்ணு, பறந்தா வெள்ளை, ஜோடி சேர்ற காலத்துல மாப்பிள்ளை வேஷம்" என்றார்.

அப்புறம்தான் ஒழுங்காகப் பார்த்தேன். அதன் இறக்கையும் வாலும் வெள்ளைதான், உட்காரும்போது முதுகின் பழுப்பு அதை மூடிக்கொள்கிறது. பக்கத்தில் போகும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்கும் என்பதால் குருட்டுக் கொக்கு என்றும் அதற்குப் பெயர். உண்மையில் குருடு நாங்கள்தான், இரண்டு வருஷமாக ஒரே பறவையை மூன்றாக எண்ணியிருக்கிறோம். பழுப்புக் கொக்கு பறந்ததையோ வெள்ளைக் கொக்கு இறங்கியதையோ ஒருநாள்கூட முழுசாகப் பார்த்ததில்லை, அதற்குள் பின்னாலிருந்து ஹாரன் அடித்துவிடுவார்கள்.

முழுக்க வெள்ளையாக ஒன்று தனியாக இருக்கத்தான் செய்கிறது. அது சின்னக் கொக்கு. கறுப்புக் காலில் மஞ்சள் செருப்பு போட்ட மாதிரி பாதம் மட்டும் மஞ்சள், அந்தப் பாதத்தால் சேற்றைக் கலக்கிக் கலக்கி ஒளிந்திருக்கிற மீனைக் கிளப்பும். மடையானுக்கு இந்த வேலையெல்லாம் ஆகாது. நிற்கும், நின்றுகொண்டே இருக்கும். நீர்க்காகம் முங்கி எழுந்து கம்பத்தில் இறக்கையை விரித்துக் காயவைக்கும், மீன்கொத்தி கரண்ட் கம்பியிலிருந்து பாயும், இது மட்டும் வங்கி வரிசையில் டோக்கன் வாங்கினவர் மாதிரி.

போன ஜனவரியில் ஊசுட்டேரிக்குப் போனோம், புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் பொதுவாகக் கிடக்கிற பெரிய ஏரி, ஏறக்குறைய 800 ஹெக்டேர். பூநாரை வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் யாரோ போட்டிருந்தார்கள். தூரத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. பூநாரையோ என்னவோ, என் பழைய பைனாகுலருக்கு அவ்வளவுதான் பலம். மகள் கரைப் பக்கம் குனிந்து, "அப்பா, மடையான்!" என்றாள். பத்தடி தூரத்தில், மண்ணோடு மண்ணாக.

நேற்றுக் காலை பாலத்தில் வழக்கம்போல நெரிசல். கீழே அது உள்ளங்கை அகல ஜிலேபி மீன் ஒன்றைப் பிடித்துவிட்டு விழுங்கவும் முடியாமல் விடவும் மனசில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தது. தலைப்பக்கம் திருப்பிப் பார்த்தது, கரையில் போட்டுக் குத்தியது, மறுபடி தூக்கியது. முன்னால் வழி விட்டுவிட்டார்கள், பின்னால் ஹாரன். "இருப்பா, முழுங்கட்டும்" என்று மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வண்டியை ஓரங்கட்டினேன். கழுத்து புடைத்து மீன் உள்ளே போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு ஐம்பது, லேட் நோட்டில் என்ன காரணம் எழுதுவது என்று பள்ளிக்கூட வாசலில் இரண்டு பேரும் யோசித்துக்கொண்டு நின்றோம்.