எம்.எஸ்சி. புராஜெக்ட் வைவா: ஆஸ்பிரினோடு போகிறவர்களுக்கு

ரிசல்ட் வந்துவிட்டது. புராஜெக்டில் நல்ல மார்க். ஆர்கானிக் தியரி காலை வாரியது, அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. தருமபுரியில் படிக்கும் ஜூனியர்கள், “அக்கா, ஸ்டெபிலிட்டி ஸ்டடி (மருந்து நாளாக நாளாக எவ்வளவு கெடுகிறது என்ற ஆய்வு) எடுக்கலாமா?” என்று கேட்கிறார்கள்.

தாராளமாக எடுங்கள். ஆனால் “உன் அளவீட்டு முறை நல்ல மருந்தையும் கெட்டுப்போனதையும் பிரித்துக் காட்டுமா?” என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் வைவாவுக்குப் போகாதீர்கள்.

நான் எடுத்தது ஆஸ்பிரின். ஈரம் பட்டால் சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் உடையும். பழைய பாட்டிலைத் திறந்தால் வினிகர் வாசனை வருவது அதனால்தான். சோடியம் ஹைட்ராக்சைடு டைட்ரேஷனே (காரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அமிலத்தை அளப்பது) போதும் என்று செட்டில் பலர் சொன்னார்கள். போதாது. ஆஸ்பிரினில் இருப்பது ஒரு அமிலத் தொகுதி, உடைந்தபின் இரண்டு. அசிட்டிக் அமிலம் ஆவியாகிப் போகாவிட்டால், 5 சதவீதம் கெட்ட சாம்பிள் டைட்ரேஷனில் சுமார் 105 சதவீதம் காட்டும். கெட்டுப்போனதற்குக் கூடுதல் மார்க்!

எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) முதலில் கேட்டதே இதுதான். ஃபெரிக் குளோரைடு சேர்த்து, ஊதா நிறத்தை 530 நானோமீட்டர் அருகே அளந்தேன் என்றேன். ஃபீனால் தொகுதி விடுபட்டால்தான் அந்த நிறம் வரும், சுத்தமான ஆஸ்பிரின் தராது. தலையாட்டினார். அப்புறம் கேட்டதெல்லாம் சில்லறைக் கேள்விகள்.

அடுத்து ஈரப்பதம். மருந்தை வேகமாகக் கெடவைத்துப் பார்க்க 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் வைக்கும் சேம்பர் நம் லேபில் ஏது? டெசிக்கேட்டரில் (பொருளை ஈரமில்லாமல் வைக்கும் மூடிய கண்ணாடிப் பாத்திரம்) சிலிக்கா ஜெல்லை எடுத்துவிட்டு, தெவிட்டிய சோடியம் குளோரைடு கரைசலை வையுங்கள். கரையாத உப்பு அடியில் தெரிய வேண்டும். உள்ளே ஈரப்பதம் தானாக 75க்குப் பக்கத்தில் நிற்கும். அப்படியே இன்குபேட்டரில் ஏற்றிவிடலாம்.

மற்றவை சுருக்கமாக:

- “ரூம் டெம்பரேச்சர்” என்று எழுதவே எழுதாதீர்கள். ஓசூர் மார்கழியும் தருமபுரி சித்திரையும் ஒன்றா? டிகிரியைப் போடுங்கள். கரண்ட் போன நேரத்தையும் குறியுங்கள்.
- முதல் நாள் அளவு இல்லாமல் எதையும் இன்குபேட்டரில் வைக்காதீர்கள்.
- ஸ்ட்ரிப்பில் இருக்கும் மாத்திரை, திறந்து வைத்த பொடி இரண்டையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.
- நீர்க்கரைசலில் போலி முதல் வகை வினை (நீர் ஏராளமாக இருப்பதால் வேகம் மீதமுள்ள மருந்தை மட்டும் பொறுத்தது): டி90 = 0.105/கே. டி90 என்பது மருந்து 90 சதவீதமாகக் குறைய ஆகும் காலம், கே என்பது வேக மாறிலி. சஸ்பென்ஷனில் பூஜ்ய வகை (வேகம் மாறாது), காரணம் கரையாத துகள் கரைந்த பங்கை நிரப்பிக்கொண்டே இருக்கும். காரணத்தையும் கேட்பார்கள்.
- அர்ரீனியஸ் வரைபடத்தில் (வினை வேகம் வெப்பநிலையோடு மாறுவதைக் காட்டுவது) வெப்பநிலை கெல்வினில்.
- ஐ.சி.எச். (மருந்துத் தர விதிகளை ஒருங்கிணைக்கும் சர்வதேச அமைப்பு) வழிகாட்டியில் துரிதச் சோதனை 6 மாதம். மருந்தின் அளவு முதல் நாள் அளவிலிருந்து 5 சதவீதம் மாறினால் குறிப்பிடத்தக்க மாற்றம்.

எச்.பி.எல்.சி. (கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) இல்லையே என்று மனம் உடைய வேண்டாம். பெங்களூர் லேபுக்கு அனுப்புவதாக இருந்தால் சாம்பிளுக்கு இவ்வளவு என்று பில் வரும். முதல் நாள் சாம்பிள், கடைசி நாள் சாம்பிள் இரண்டை மட்டும் அனுப்பினால் போதும் என்று கைடிடம் இப்போதே பேசிவிடுங்கள்.