என் கட்சிக்காரர் யார்?

கலிஃபோர்னியாவில் ஒரு கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) சட்ட அலுவலகத்தில் வக்கீலாக இருக்கிறேன் என்று சொன்னால், நம்மூர்க்காரர்கள் முதலில் கேட்பது "அப்போ நீங்க பி.பி.யா?" என்றுதான், அதாவது குற்ற வழக்கு நடத்தும் பப்ளிக் ப்ராசிக்யூட்டரா என்று. இல்லை. இங்கே குற்ற வழக்கு நடத்துவது டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவி அது. நான் இருப்பது கவுண்டி கவுன்சல் அலுவலகத்தில். அதன் தலைவரை, கவுண்டியை நிர்வகிக்கும் மேற்பார்வையாளர் குழு நியமிக்கிறது. நம் மாவட்டக் கோர்ட்டில் பி.பி., ஜி.பி. என்று இரண்டு பேர் இருக்கிறார்களே, அதில் நான் ஜி.பி. பக்கம், அதாவது அரசின் மற்ற வழக்குகளைப் பார்க்கும் கவர்ன்மென்ட் ப்ளீடர் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கமலா ஹாரிஸை வைத்துச் சொன்னால் பலருக்குச் சட்டென்று புரிகிறது. அவர் 2004 முதல் 2011 வரை சான் ஃபிரான்சிஸ்கோவின் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, அப்புறம் 2017 வரை மாநில அட்டர்னி ஜெனரல், அதாவது மாநில அரசின் தலைமை வக்கீல். டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி வாங்கிக் கொடுத்த தண்டனையை எதிர்த்துப் பெருங்குற்ற வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனால், அங்கே அரசுக்காக வாதிடுவது அட்டர்னி ஜெனரலின் வக்கீல்கள். மாநில அரசியல் சாசனம் எல்லா டிஸ்ட்ரிக்ட் அட்டர்னிகள் மீதும் ஷெரீஃப்கள் (கவுண்டி போலீஸ் தலைவர்கள்) மீதும் அவருக்கு மேற்பார்வை அதிகாரம் தருகிறது. (எல்லா மாநிலத்திலும் இப்படி இல்லை. அலாஸ்கா, டெலவேர் போன்ற இடங்களில் உள்ளூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ப்ராசிக்யூட்டரே கிடையாது, அட்டர்னி ஜெனரலின் ஆட்கள்தான் கீழ்க்கோர்ட்டிலும் நிற்பார்கள்.) இந்த இரண்டு பதவிக்கும் முன்னால், 2000-இல், ஹாரிஸ் சான் ஃபிரான்சிஸ்கோ நகர வழக்கறிஞர் அலுவலகத்தில் குழந்தைகள், குடும்பங்கள் தொடர்பான பிரிவை நடத்தினார். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் செய்வது அந்த மாதிரி வேலைதான்.

கலிஃபோர்னியாவில் 58 கவுண்டிகள். லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் சுமார் ஒரு கோடிப் பேர், மலைமேல் இருக்கும் ஆல்பைன் கவுண்டியில் சுமார் 1,200 பேர். பெரியதோ சிறியதோ, கவுண்டி என்றால் சிறை, பொது சுகாதாரம், சாலை, தேர்தல், நலத்திட்டம் எல்லாம் அதன் தலையில். அது எல்லாவற்றுக்கும் வக்கீல் வேண்டும். சாலையோர மரக்கிளை கார்மேல் விழுந்தால் சொந்தக்காரர் ஆறு மாதத்துக்குள் நஷ்டஈடு கேட்டு மனு கொடுக்க வேண்டும். பதில் சொல்ல எங்களுக்கு 45 நாள். பொது ஆவணம் கேட்டு யாராவது எழுதினால், தர முடியுமா முடியாதா என்பதை 10 நாளுக்குள் சொல்லியாக வேண்டும். இதெல்லாம் அன்றாடம்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் கஷ்டமாகப் பட்டது, கட்சிக்காரர் யார் என்ற கேள்விதான். தனியார் வக்கீலுக்கு எதிரே உட்கார்ந்து ஃபீஸ் கொடுப்பவர் கட்சிக்காரர். எனக்குத் தினமும் போன் செய்பவர்கள் துறைத் தலைவர்கள், மேற்பார்வையாளர்கள். அவர்களில் யாருமே என் கட்சிக்காரர் இல்லை. கவுண்டி என்ற அமைப்புதான் கட்சிக்காரர், அதற்கு முகம் கிடையாது. ஒரு மேற்பார்வையாளர், "இந்த ஒப்பந்தம் பத்தி இன்னும் ரெண்டு பேர்கிட்ட போன்ல பேசி முடிச்சிடட்டுமா?" என்று நல்ல எண்ணத்தோடுதான் கேட்பார். குழுவில் மொத்தம் ஐந்து பேர். மூன்று பேர் பேசினால் அது பெரும்பான்மை. 1953-இல் வந்த பிரவுன் சட்டப்படி, பெரும்பான்மையினர் கவுண்டி விஷயத்தை மக்கள் பார்க்காத இடத்தில் பேசி முடிவு செய்யக் கூடாது. ஒருவர் மாற்றி ஒருவராகப் போனில் பேசினாலும் கூடாது. வழக்கமான கூட்டம் என்றால் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே ஒட்டியிருக்க வேண்டும். ஆக, "வேண்டாம் சார், கூட்டத்தில் பேசுங்கள்" என்று சொல்ல வேண்டியது என் வேலை. என் அலுவலகத்துக்கு பட்ஜெட் ஒதுக்குபவரிடமே இப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோர்ட்டில் நன்றாக வாதிடுவதைவிட இந்தத் தைரியம்தான் அரசு வக்கீலுக்கு முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

என் நேரத்தில் பெரும்பகுதி போவது குழந்தைகள் நல வழக்குகளில். அந்த வழக்குகள் ரகசியமானவை, அதனால் எந்தக் குடும்பத்தையும் குறித்துச் சொல்லவில்லை, பொதுவாக நடப்பதைச் சொல்கிறேன்.

வீட்டில் குழந்தைக்கு உடனடி ஆபத்து என்று சமூகப் பணியாளர் நினைத்தால், வாரண்ட் இல்லாமலே குழந்தையை எடுத்துக்கொண்டு வரலாம். அப்படி எடுத்தால், விடுமுறை நீங்கலாக 48 மணி நேரத்துக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு அடுத்த கோர்ட் நாளில் நீதிபதி முன்னால் நிற்க வேண்டும். இரவில் போன் வரும்போது நான் கேட்பது சில எளிய கேள்விகள்தான். ஆபத்து இந்த நிமிடமா, அல்லது வாரண்ட் வாங்கும்வரை பொறுக்குமா? பாட்டியோ சித்தியோ பக்கத்தில் இருக்கிறார்களா? "ஃபிரிட்ஜ்ல ஒண்ணுமே இல்ல மேடம்" என்பார் சமூகப் பணியாளர். வறுமையை மட்டும் காரணமாக வைத்துக் குழந்தையைக் கோர்ட்டின் பொறுப்பில் எடுக்க முடியாது என்பது 2023 முதல் கலிஃபோர்னியா சட்டத்திலேயே தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த வீட்டுக்குத் தேவை மளிகைச் சாமான் என்றால் அதை ஏற்பாடு செய்யுங்கள் என்று சொல்வதும் சட்ட ஆலோசனைதான்.

கோர்ட்டில் அம்மாவுக்கு ஒரு வக்கீல், அப்பாவுக்கு ஒருவர், குழந்தைக்குத் தனியாக ஒருவர். வசதி இல்லாத பெற்றோருக்குக் கோர்ட்டே வக்கீல் அமர்த்தும். இந்தப் பக்கம் நான். என் பின்னால் ஒரு முழுத் துறை, அதன் கோப்புகள், அதன் நிபுணர்கள். இவ்வளவு பலம் இருக்கும்போது ஜெயிப்பது பெரிய விஷயமில்லை, நியாயமாக நடப்பதுதான் கடினம். துறையின் அறிக்கையில் "போதைப் பொருள் பரிசோதனைக்கு வரவில்லை" என்று இருக்கும். ஏன் வரவில்லை என்று இருக்காது. இரவு ஷிஃப்ட் முடிந்து இரண்டு பஸ் மாறி வருவதற்குள் பரிசோதனை மையம் மூடியிருக்கும். அதையும் அறிக்கையில் எழுதச் சொல்லித் திருப்பி அனுப்புவேன். அதனால் என் வாதம் கொஞ்சம் பலவீனமாகலாம். ஆனால் அதைத் தெரிந்துகொள்ளாமல் நீதிபதி ஒரு குழந்தையின் வாழ்க்கையை முடிவு செய்யக் கூடாது.

காலமும் பெற்றோருக்கு எதிராகவே ஓடுகிறது. குழந்தை மூன்று வயதுக்கு உட்பட்டது என்றால், அது மீண்டும் வீட்டுக்கு வருவதற்கான உதவிகள் சாதாரணமாக ஆறு மாதம்தான். பெரிய குழந்தை என்றால் 12 மாதம். நீட்டிக்கலாம், ஆனால் அதற்கும் வரம்பு உண்டு. போதையிலிருந்து ஒருவர் மீண்டு வர ஆறு மாதம் போதுமா என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். கைக்குழந்தையும் வருடக்கணக்காகக் காத்திருக்க முடியாது. இரண்டும் உண்மை.

அபூர்வமாகத் தமிழ்க் குடும்பமும் வரும். பெயரைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க தமிழா?" என்று நடைபாதையில் ஓர் அம்மா கேட்டால், "ஆமாம், ஆனா உங்க வக்கீல் இல்லாம நான் உங்ககிட்ட பேசக் கூடாதும்மா" என்று மட்டும்தான் சொல்ல முடியும். அவர் தரப்பில் வக்கீல் இருக்கிறார், நான் எதிர்த்தரப்பு. மொழிபெயர்ப்பும் நான் செய்யக் கூடாது. கோர்ட் மொழிபெயர்ப்பாளர் வரும்வரை விசாரணை காத்திருக்கும். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் தொடங்க வேண்டாம் என்று நானே எழுந்து சொல்வேன்.

இந்த அலுவலகங்கள் வழக்குப் போடவும் செய்யும். ஈயம் கலந்த பெயின்ட் வழக்கை 2000-இல் தொடங்கியது சான்டா கிளாரா கவுண்டி. பழைய வீடுகளில் உரிந்து விழும் பெயின்ட்டால் குழந்தைகளின் மூளை வளர்ச்சி பாதிக்கிறது என்று, அதைத் தயாரித்த கம்பெனிகள் மீது போட்ட வழக்கு. வேறு கவுண்டிகளும் நகரங்களும் சேர்ந்துகொண்டன. 2019-இல் 30.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. நடுவில் 2010-இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது எங்கள் தொழிலுக்கு முக்கியமானது: ஜெயித்தால் பங்கு என்ற ஏற்பாட்டில் தனியார் வக்கீல்களைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் வழக்கின் கடிவாளம் அரசு வக்கீல் கையில்தான் இருக்க வேண்டும். அப்படி ஒரு வழக்கை 19 வருடம், ஆள் மாறி ஆள் மாறி, விடாமல் கொண்டுபோனதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இங்கே சட்டம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் இந்த வேலைக்கு வரலாமா என்று கேட்கிறார்கள். பெரிய தனியார் ஃபர்ம் தரும் சம்பளம் இங்கே வராது. மத்திய அரசின் படிப்புக் கடன் இருந்தால், பொதுப்பணியில் இருந்துகொண்டு 120 தவணை கட்டிய பிறகு மீதியைத் தள்ளுபடி செய்யும் திட்டம் 2007 முதல் இருக்கிறது, நிபந்தனைகளைப் படித்துக்கொள்ளுங்கள். கோடையில் ஒரு கவுண்டி கவுன்சல் அலுவலகத்தில் இன்டர்னாகச் சேருங்கள். அதற்கும் முன்னால், உங்கள் கவுண்டியின் மேற்பார்வையாளர் கூட்டத்துக்கு ஒரு நாள் போய் உட்காருங்கள். யாரும் போகலாம், பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. மேடையில் அதிகம் பேசாமல் ஒருவர் இருப்பார், அவர்தான் கவுண்டி கவுன்சல். உறுப்பினர்கள் எப்போது அவர் பக்கம் திரும்புகிறார்கள், அவர் என்ன பதில் சொல்கிறார் என்று கவனியுங்கள்.