விதி எண் போட மறந்த மனு

மத்திய அரசின் வரைவு விதிகள் பற்றி நாங்கள் எழுதிய முதல் மனு வீணாய்ப் போனதற்குப் பாதிக் காரணம் நான்தான். அரசிதழ் அறிவிப்பின் தொடக்கத்தைப் படிக்காமல், நேராகப் பெண்கள் இரவு வேலை விதிக்குத் தாவிவிட்டேன்.

தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பின் 43ஆம் பிரிவுப்படி, பெண்கள் சம்மதித்தால் மாலை 7 மணிக்கு மேலும் காலை 6 மணிக்கு முன்பும் வேலை வாங்கலாம். அதற்கான மத்திய வரைவு விதிகள் 2020 நவம்பர் 19 அன்று வந்தன. கருத்துச் சொல்ல 45 நாள். சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும் என்று வரைவில் இருந்தது. பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், சேரும் நாளிலேயே நாலைந்து தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அதில் ஒன்றாக இதையும் நுழைத்துவிட்டால் முடிந்தது. அப்புறம் ராத்திரி வரை நீளும் ஒன்றரை ஷிப்டுக்கு வர மாட்டேன் என்று யார் சொல்வது?

கொதிப்பில் மூன்று பக்கம் எழுதி, 64 பேரிடம் கையெழுத்து வாங்கி, அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஓர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். கிளார்க் முதல் பக்கத்தைக்கூட முழுசாகப் பார்க்கவில்லை. “இது டெல்லி சமாச்சாரம்ங்க, இங்க வாங்கறதில்ல.” எங்கே அனுப்ப வேண்டும் என்றால், “கெஜட்டுல போட்டிருக்கும், பாருங்க.”

போட்டுத்தான் இருந்தது. அக்கா மகள் ஆங்கில வரைவைச் செல்போனில் பெரிதாக்கி வாசித்துச் சொன்னாள். கருத்தை மூன்று கட்டமாகப் பிரித்து அனுப்ப வேண்டுமாம். பெயர், முகவரிக்கு ஒரு கட்டம். எந்த விதியை மாற்ற வேண்டும் என்பதற்கு ஒன்று. மாற்று வாசகத்துக்கும் காரணத்துக்கும் மூன்றாவது. எங்கள் மூன்று பக்கத்தில் விதி எண் ஒன்றுகூட இல்லை!

அந்த மூன்றாவது கட்டம்தான் உயிரை வாங்கியது. கொடுமை என்று எழுதிவிடலாம், அதற்குப் பதில் எந்த வரி வர வேண்டும்? இரண்டு ராத்திரி உட்கார்ந்தோம். சம்மதப் படிவம் தொழிலாளிக்குத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும், சேரும்போது வாங்கிய கையெழுத்து செல்லாது, சம்மதத்தை எப்போது திரும்பப் பெற்றாலும் வேலையை விட்டு நிறுத்தக்கூடாது என்று எழுதினோம்.

கையெழுத்துத் தாள்களை ஸ்கேன் செய்து அனுப்பினால், கோப்பு பெரிது என்று மெயில் போகவில்லை. இரண்டாகப் பிரித்தோம். நம்பிக்கை வராமல் ஸ்பீட் போஸ்டிலும் போட்டேன். கடைசி நாள் என்ன கிழமை என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். 19ஆம் தேதியிலிருந்து எண்ணினால் எங்களுக்கு ஜனவரி 3, ஞாயிறு.

டிசம்பர் 31, டீ நேரத்தில் செல்போனைத் திறந்தேன். ‘டெலிவர்ட்’. பக்கத்து மெஷின்காரியிடம் காட்டினேன்.

“படிப்பாங்களாக்கா?”

“இந்தத் தடவை விதி நம்பர் போட்டிருக்கோம்ல” என்றேன்.