பாராமகால் கணக்கைக் கைபேசியில் படிப்பது

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் பிறந்து, தன் ஊரின் இருநூறு முந்நூறு வருஷத்துக் கதையைத் தேட நினைக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். 1792க்கும் 1799க்கும் நடுவில், அன்று பாராமகால் என்று பெயர்கொண்ட இந்தச் சீமையைப் பற்றிக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் எழுதிக் குவித்தது கொஞ்சநஞ்சமில்லை. அதில் ஒரு பகுதி அச்சாகி, ஸ்கேன் ஆகி, இன்று காசில்லாமல் படிக்கக் கிடைக்கிறது. ஆனால் அதைப் படித்துவிட்டுப் பேசும் ஆட்களை நம் பக்கம் பார்ப்பதே அரிதாக இருக்கிறது, அது எனக்குப் பெரிய வருத்தம். ஏனென்றால் அந்தத் தாள்களைப் புரிந்துகொள்ளத் தேவையான பாதி அறிவு இங்கே ஏரிக்கரையிலும் தாலுகா ஆபீஸ் வாசலிலும்தான் இருக்கிறது, லண்டனில் இல்லை.

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த பகுதிகளில் ஒன்று பாராமகால். பன்னிரண்டு கோட்டைச் சீமை என்பார்கள், எந்தப் பன்னிரண்டு என்று கேட்டால் ஆளுக்கொரு பட்டியல் சொல்வார்கள். மெட்ராஸ் சிவில் அதிகாரிகளுக்கு மக்கள் மொழியும் தெரியாது, நாட்டு நடப்பும் தெரியாது என்று நினைத்த கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ், இங்கே ராணுவக்காரர்களை அனுப்பினார். தலைமை கேப்டன் அலெக்சாண்டர் ரீட், அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ, வில்லியம் மெக்ளியோட், ஜேம்ஸ் கிரஹாம். பின்னாளில் மெட்ராஸ் கவர்னர் ஆன அதே மன்றோதான், தர்மபுரியில் வீடும் தோட்டமுமாக இருந்தவர், 1799ல் கன்னடக் கடற்கரைப் பக்கம் மாற்றலாகிப் போகும்வரை இந்தப் பகுதியில்தான் வேலை பார்த்தார். நிலத்தை அளந்து, வயல் வயலாக வரி போட்டு, நடுவில் ஆள் இல்லாமல் குடியானவரிடமே வாங்கும் ரயத்துவாரி முறை வேர்விட்டது இந்த நால்வரின் வேலையில். அதற்காக அவர்கள் கேட்ட கேள்விகளும், வந்த பதில்களும், போட்ட அட்டவணைகளும் மெட்ராஸ் ஆவணங்களில் சேர்ந்தன. 1907 முதல் மெட்ராஸ் அரசு அவற்றைப் பகுதி பகுதியாக அச்சிட்டது. நிர்வாகம் ஒரு பகுதி, மக்கள் ஒரு பகுதி, விளைபொருள், சொத்து, நிலவரி, மற்ற வரிகள் என்று தனித்தனிப் புத்தகங்கள். பாராமகால் ரெக்கார்ட்ஸ் என்று தேடினால் இன்டர்நெட் ஆர்க்கைவில் சில பகுதிகள் கிடைக்கும்.

சரி, பிடிஎஃப் கையில் வந்துவிட்டது, தேடல் பெட்டியில் கிருஷ்ணகிரி என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒன்றும் வராது. பலர் இங்கேயே மூடிவைத்துவிடுகிறார்கள். அன்றைக்கு எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள், கிஸ்ட்னகெரி என்பார்கள், தரம்பூரி என்பார்கள், பென்னாகரம் பென்னகர ஆகிவிடும், காவேரிப்பட்டினம் காவெரிபட்டம் ஆகிவிடும். ஒரே புத்தகத்தில் ஒரே ஊருக்கு இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல் வரும். அதற்கும் மேலே, கணினி எழுத்தைப் படிப்பதில் பிழை. 1790களில் லண்டனில் அச்சான மைசூர் யுத்தப் புத்தகங்களையும் பார்த்தால், பலவற்றில் எஸ் எழுத்து எஃப் போலவே நீட்டமாக இருக்கும், கணினி அதை எஃப் என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் நான் தேடலை நம்புவதை விட்டு, பொருளடக்கத்தைப் பார்த்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறேன். மெதுவான வேலைதான், ஆனால் தேடாத விஷயம் கண்ணில் படுவது அப்படிப் புரட்டும்போதுதான்.

இன்னொரு சங்கடம் மடிப்புத் தாள். பழைய வருவாய்ப் புத்தகங்களில் பெரிய அட்டவணைகளை மடித்து ஒட்டியிருப்பார்கள். அவசரமாக ஸ்கேன் செய்தவர்கள் பல புத்தகங்களில் அந்த மடிப்பைப் பிரிக்காமலே படம் எடுத்துவிட்டார்கள், ஆராய்ச்சிக்கு வேண்டிய எண்கள் மடிப்புக்குள்ளேயே மாட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒரே புத்தகம் வேறு நூலகப் பிரதியிலிருந்தும் ஏற்றப்பட்டிருக்கலாம், அதையும் திறந்து பார்த்துவிட வேண்டும்.

இனி நம் ஆட்களுக்கு இருக்கும் அனுகூலத்துக்கு வருகிறேன். அந்தக் கணக்குகளில் வருஷம் பசலியில், அதாவது நிலவரிக்கான வருஷக் கணக்கில், இருக்கும். வெளியூர் மாணவர் பசலி 1202 என்று பார்த்ததும் திகைப்பார். இங்கே பட்டா மாறுதலுக்கு அலைந்த யாருக்கும் பசலி புதிதில்லை, இன்றைக்கும் வருஷா வருஷம் ஜமாபந்தி பசலி எண்ணோடுதான் நடக்கிறது. 590ஐக் கூட்டினால் போதும், 1202 என்பது 1792-93. நஞ்சை, புஞ்சை, மானியம், இனாம், கர்ணம் எல்லாம் இங்கே இன்னும் புழக்கத்தில் இருக்கிற சொற்கள். ஊர் நிலக்கணக்கு எழுதிய கர்ணம் பதவியை 1980ல் ஒழித்த பிறகும் கர்ணம் வீடு எது என்று ஊரில் பெரியவர்கள் கை காட்டுவார்கள். ரீடும் மன்றோவும் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும், அவர்கள் அட்டவணைக்கு அடியில் இருப்பது கிராமத்துக் கர்ணங்கள் தந்த கணக்கு. ஒரு கர்ணம் எதை ஏன் குறைத்துச் சொல்லியிருப்பார் என்று ஊகிக்க ஊர் தெரிந்திருக்க வேண்டும். மானியம் என்று வருகிற இடங்களில் நான் நிறைய நேரம் நிற்பேன். கோயிலுக்கு, மசூதிக்கு, ஊர்க்காவலுக்கு, ஏரியைப் பராமரிக்கிறவருக்கு என்று வரி விலக்கோடு விட்ட நிலங்கள் அவை. ஏரி மானியம் எங்கே இருந்தது, அந்த ஏரி இன்று இருக்கிறதா, மேலே வீட்டுமனை போட்டாகிவிட்டதா என்று நேரில் போய்ப் பார்க்கிற வசதி இங்கே இருப்பவர்களுக்குத்தான் உண்டு.

நாணயம் மட்டும் கவனம். வராகன் என்பது பொன் நாணயம். கம்பெனியின் நட்சத்திர வராகன் ஒரு கணக்கு, மூன்றரை ரூபாய் என்று பொதுவாக வைத்துக்கொள்வார்கள். மைசூர்ப் பக்கத்துக் கண்டீரவ வராகன் வேறு, அதற்குப் பணம் என்ற சிறு நாணயம் பத்து. எந்த வராகன் என்று பார்க்காமல் ஒரு ஊரின் வரியை இன்னொரு ஊரோடு ஒப்பிட்டு எழுதிவிட்டால் அந்தக் கட்டுரை முழுக்க வீண்.

இத்தனை பாராட்டிச் சொன்னாலும், எழுதியவர்கள் வரி வாங்க வந்தவர்கள் என்பதை எந்தப் பக்கத்திலும் மறக்கக் கூடாது என்பதுதான் என் உறுதியான எண்ணம். தறிக்கு வரி உண்டு, செக்குக்கு உண்டு, கடைக்கு உண்டு, அதனால் அவை கணக்கில் வந்தன. அந்தத் தறிக்கு நூல் நூற்ற பெண்ணைத் தேடினால் கிடைக்க மாட்டாள். பண்ணையில் கூலிக்கு உழுதவர், காட்டில் தேனும் கிழங்கும் எடுத்துப் பிழைத்தவர், இவர்களெல்லாம் ஓரிரு வரியில் கடந்து போய்விடுவார்கள். மக்களைப் பற்றிய பகுதியில் சாதி சாதியாக வழக்கங்களை எழுதியிருக்கிறார்கள், அதை அப்படியே எடுத்து, இதோ எங்கள் சாதியின் உண்மையான சரித்திரம் என்று பரப்புவதைப் பார்க்கிறேன், மனசு கேட்கவில்லை. யாரோ சொன்னதை யாரோ மொழிபெயர்த்து யாரோ எழுதிக்கொண்ட தாள் அது. சொன்னவர் யார், அவருக்கு ஊரில் என்ன இடம் என்று கேட்காமல் ஒரு வரியைக்கூட மேற்கோள் காட்டக் கூடாது.

ஓசூர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தை ஒன்றாக நினைத்துக்கொண்டு தேடினால் குழப்பம் வரும். 1792ல் கம்பெனி கைக்கு வந்தது மலைக்குக் கீழ்ப்பக்கம். ஓசூர், தேன்கனிக்கோட்டை எல்லாம் 1799ல் திப்பு இறக்கும்வரை மைசூரோடுதான் இருந்தன, ராயக்கோட்டை எல்லைக்காவல் போல நின்றது. அதனால் காவேரிப்பட்டினத்துக்குக் கிடைக்கிற ஏழு வருஷக் கணக்கு ஓசூர்ப் பக்கத்துத் தளிக்குக் கிடைக்காது. மாவட்டம் என்ற சட்டகமே புதிது, 1965ல் சேலத்திலிருந்து தர்மபுரி பிரிந்தது, 2004ல் அதிலிருந்து கிருஷ்ணகிரி. அதற்கு முந்தைய அரசு வெளியீடுகளைச் சேலம் என்ற பெயரில்தான் தேட வேண்டும், 1883ல் வந்த சேலம் மாவட்ட மேனுவலும் அப்படித்தான் கிடைக்கும்.

1792க்கு முன்னால் போக வேண்டுமானால் கம்பெனித் தாள் அவ்வளவாக உதவாது. ஹைதர் அலியோடு கம்பெனி நடத்திய 1767-69 யுத்தத்தில் காவேரிப்பட்டினமும் கிருஷ்ணகிரியும் வருவது படை நகர்ந்த வழியாகத்தான், ஊராக வருவதில்லை. அதற்கு மேலே இந்தச் சீமையை ஆண்ட ஜகதேவராயர் காலம், விஜயநகரக் காலம் என்று போனால் கல்வெட்டுதான் கதி. தொல்லியல் துறை வெளியிட்ட தர்மபுரிக் கல்வெட்டுத் தொகுதிகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிப் பாருங்கள். தமிழிலேயே இருப்பதால் கல்லூரிப் பிள்ளைகள் அங்கிருந்து தொடங்குவது நல்லது.

அப்புறம், கிடைத்ததை உடனே டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளுங்கள், புத்தகப் பெயர், பகுதி, பக்கம் மூன்றையும் அந்த நிமிஷமே குறித்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் லைப்ரரி மீது நடந்த சைபர் தாக்குதலுக்குப் பிறகு அதன் மின்சுவடிகள் மாதக்கணக்கில் திறக்கவே இல்லை, பல பேர் வேலை அப்படியே நின்றது. தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் தேடும்போதும் தலைப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கோப்பின் தலைப்பு ஒன்று சொல்லும், உள்ளே இருக்கிற கடிதம் வேறு ஒன்று சொல்லும்.

இதெல்லாம் முடிந்தபிறகும் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகத்தான் வேண்டும், அச்சானது ஒரு பங்குதான். ஆனால் கையில் பகுதி எண்ணும் தேதியும் வைத்துக்கொண்டு போகிறவருக்கு அங்கே வேலை சீக்கிரம் நடக்கும். பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து ஏரிகளின் பழைய பெயர்களை ஊர் ஊராகத் தொகுத்து வருகிறேன், அந்தப் பக்கத்துக்காரர்கள் வீட்டில் பழைய ஏரி மானியத் தாளோ இனாம் பட்டாவோ இருந்தால் அசலை யாரிடமும் கொடுத்துவிடாமல் ஒரு படம் மட்டும் எடுத்து அனுப்புங்கள்.