பார்த்ததும் மறந்துபோச்சு

"என்ன பாட்டி வேண்டிக்கிட்டீங்க?"

"வேண்டிக்கலாம்னுதான் வந்தேன் தம்பி. அவரப் பார்த்ததும் மறந்துபோச்சு."

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில், இன்று சாயங்கால தீபாராதனை முடிந்த நேரம். அந்தப் பாட்டி கும்பிடக்கூட இல்லை. இரண்டு கையையும் மடியில் மலர்த்திப் போட்டுவிட்டு, சந்நிதியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல் இடுக்கில் மீன் செதில் ஒன்று ஒட்டியிருந்தது, துறைமுகத்து வேலை முடித்து நேராக வந்திருப்பார் போல.

அந்தக் காலிக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஊருக்குத் தெரியாத கதையா இது? அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினார்கள், நீந்த வழியில்லை, நமசிவாய என்று பாடினார், கல்லே மிதந்து இங்கே கொண்டுவந்து சேர்த்தது என்று பெரியபுராணம் சொல்கிறது. கரையேறவிட்ட குப்பம் என்று வண்டிப்பாளையம் பக்கம் இன்றும் அந்த இடத்தைச் சொல்கிறோம்.

நல்லவனாக வேண்டும், கோபத்தை அடக்க வேண்டும், மனதை நிறுத்த வேண்டும் என்று நாம் படுகிற பாடெல்லாம் எதற்கு? எல்லாம் சரியானதும் அவன் முன்னால் போய் நிற்கலாம் என்றா? அவன் முன்னால் நின்றால்தானே எதுவும் சரியாகிறது! நம்மிடம் நல்லது என்று ஏதாவது இருந்தால் அது அவன் பக்கத்தில் இருந்ததால் வந்தது. சந்தோஷமும் அப்படித்தான், எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

அதற்காக அப்பர் சும்மா இருந்துவிடவில்லை. திருவதிகையில் சூலை என்ற வயிற்று நோய் தீர்ந்தது முதலில், கோயில் புல் செதுக்கும் உழவாரப்படையைக் கையில் எடுத்தது அதற்கு அப்புறம்தான்.